எடையும் தோலும்: திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்து இளந்தொழிலாளர் உடலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இளம் வயதினரின் உடல் எடைக்கும் கரப்பான் எனப்படும் தோலழற்சிக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்து அண்மைக்கால மருத்துவ ஆய்வுகளில் வலுப்பெற்று வருகிறது. தமிழகத்தைப் பொறுத்தவரை எடையையும் தோலையும் இணைத்து நோக்கும் பார்வை புதியதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மெலிந்த உடலும் நோயுற்ற தோலும் ஒருசேரப் பதிவு பெற்றன. அப்பதிவுகள் உடலைக் கூலிக்கும் நிலத்துக்கும் சான்றாகக் கொண்டன. 1930களின் குன்னூர் ஆய்வுகள் அதே உடலை உணவுக்குச் சான்றாக்கின. இன்றைய பார்வை அதைத் தனியாளின் குறியீட்டெண்ணாகச் சுருக்குகிறது. இந்தச் சுருக்கத்தின் வரலாற்றையும், திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் இளந்தொழிலாளர் உரிமையில் அது ஏற்படுத்தும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரப்பான், உடல் நிறைக் குறியீட்டெண், தேரைத்தோல், தொழில்சார் நோய், திருப்பெரும்புதூர், ஒரகடம், ஈ.எஸ்.ஐ.

முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய ஊர்கள் ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்தவை. கடந்த 30 ஆண்டுகளில் இவை மகிழுந்து, கைப்பேசி, கண்ணாடி, மின்னணுப் பொருள் ஆகியவற்றின் உற்பத்திக் களமாக மாறின. இம்மாற்றத்தை முதலீடு, ஏற்றுமதி, நில எடுப்பு, தொழிற்சங்க உரிமை ஆகிய கோணங்களில் ஆராய்ந்தோர் பலர். இங்குப் பணிபுரியும் இளையோரின் உடல் அந்த அளவுக்கு வரலாற்றுப் பொருளாகக் கொள்ளப்படவில்லை.

உடலின் இரண்டு அடையாளங்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று எடை, மற்றொன்று தோல். எடை எண்ணாகப் பதிவாகிறது. தோல் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே உடலில் இருப்பினும் அவற்றுக்கான காரணங்களை மருத்துவமும் அரசும் வெவ்வேறு இடங்களில் தேடி வந்துள்ளன. காரணம் தேடப்படும் இடம் மாறும்போது பொறுப்பும் கைமாறுகிறது. எனவே, இது மருத்துவ வினாவாக மட்டும் நின்றுவிடாமல் வரலாற்று வினாவாகவும் ஆகிறது.

1. கரப்பான்: சொல்லும் பத்தியமும்

ஐரோப்பிய மருத்துவத்தில் வழங்கும் எக்சிமா என்னும் சொல் கொதித்து வெளிவருதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து பிறந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏட்டியஸ் என்னும் மருத்துவரின் நூலில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட் வில்லன், தாமஸ் பேட்மன் ஆகியோர் தோல் நோய்களைத் தோற்றத்தின் அடிப்படையில் வகைப்படுத்தியபோது அது ஒரு நோய்ப்பெயராக நிலைபெற்றது. 1933-இல் வைஸ், சுல்ஸ்பெர்கர் ஆகியோர் மரபுவழி ஒவ்வாமையோடு இணைந்த வகைக்கு அடோபிக் தோலழற்சி என்னும் பெயரை வழங்கினர். 1980-இல் ஹனிஃபின், ராய்க்கா ஆகியோர் அதனைக் கண்டறிவதற்கான அளவுகோல்களை வகுத்தனர்.

தமிழ் மருத்துவ மரபு இந்நோய்க்குக் கரப்பான் என்னும் சொல்லை வழங்குகிறது. சொறி, சிரங்கு, படை ஆகியவற்றிலிருந்து பிரித்துணரப்படினும் கரப்பானின் பொருட்பரப்பு எக்சிமாவைவிட விரிந்தது. எனினும், அரிப்பு, தடிப்பு, நீர்க்கசிவு, மீண்டும் மீண்டும் வருதல் ஆகிய இயல்புகளில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. சித்த மருத்துவர் இன்றும் எக்சிமாவைக் கரப்பான் என்றே குறிக்கின்றனர்.

இங்குக் கருதத்தக்க சொல் கரப்பான் பண்டம் என்பது. கருவாடு, கத்தரிக்காய், சோளம், கம்பு முதலியவை தோல் நோயைத் தூண்டும் உணவுகளாக மக்கள் வழக்கில் விலக்கப்படுகின்றன. உணவுக்கும் தோலுக்கும் உள்ள உறவைத் தமிழ்ச் சமூகம் தன் அன்றாடச் சொல்லிலேயே பொதிந்து வைத்திருந்தது என்பதற்கு இது சான்று. திருக்குறளின் மருந்து அதிகாரமோ மிகுதியையும் குறைவையும் ஒருசேர நோய்க்குக் காரணமாகக் கூறுகிறது. அளவு, பண்டம் என்னும் இரு கருத்துகளும் ஆக, மரபுச் சிந்தனையில் ஏற்கெனவே உள்ளன.

ஆயினும், பத்தியம் என்னும் கருத்து ஒன்றை முன்னிபந்தனையாகக் கொள்கிறது. பத்தியம் காப்பவருக்குத் தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். வீட்டில் அடுப்பும், சமைப்பதற்கு நேரமும் வேண்டும். பிறர் சமைத்ததை, பிறர் குறித்த நேரத்தில் உண்ணும் ஒருவருக்குக் கரப்பான் பண்டத்தை விலக்குமாறு கூறுவது அறிவுரையாகலாம், வழியாகாது. ஆலை விடுதிகளைப் பற்றிய பகுதியில் இக்கருத்து மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

2. பஞ்சமும் நிலமும்: கூலியின் சான்றாக உடல்

சென்னை மாகாணத்தில் மக்களின் உணவு அளவு அரசு விவாதப் பொருளாக முதன்மை பெற்றது 1876–78 பெரும்பஞ்சத்தின்போது ஆகும். செங்கற்பட்டு மாவட்டமும் அப்பஞ்சத்தால் தாக்குண்டது. 1877-இன் தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டனால் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்டு குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். மாகாண மக்களின் உணவு பற்றி 1860களிலேயே ஆய்வறிக்கை தந்தவர் அவர். உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்பதும், தானியத்தோடு பருப்பு முதலியனவும் வேண்டும் என்பதும் அவருடைய வாதம்.

கார்னிஷின் வாதத்தில் கவனிக்கத்தக்கது அதன் திசை. மெலிந்த உடலைக் கண்ட அவர் அவ்வுடலுக்கு உரியவரைக் குறை கூறவில்லை. கூலி விகிதத்தையே குறை கூறினார். நிர்வாகம் தந்த கூலி போதுமா என்பதை ஒத்துப்பார்க்கும் சான்றாகவே உடல் அங்கு நின்றது.

இதே திசையில் அமைந்த மற்றோர் ஆவணம் இவ்வழித்தடம் அமைந்துள்ள நிலத்தையே பற்றியது. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர், அம்மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பை அளித்தார். ஊட்டமின்மை, கந்தல் உடை, தொழுநோய் முதலிய நோய்கள், இழிந்த குடியிருப்பு ஆகியவற்றை அவர் ஒரே மூச்சில் அடுக்கினார். தோலில் வெளிப்படும் நோயையும் உடலின் மெலிவையும் தனித்தனியே பிரிக்காமல், நிலமின்மையின் கூட்டு விளைவாகவே கண்டார். அவர் பரிந்துரைத்ததும் மருந்தன்று. நிலமும் குடியிருப்புரிமையும் ஆகும். பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற ஒதுக்கீடுகள் இக்குறிப்பைத் தொடர்ந்தே வந்தன.

இவ்விருவரும் ஆட்சி இயந்திரத்தின் உறுப்பினரே. அவர்கள் பயன்படுத்திய சொற்களில் அக்காலத்தின் மேட்டிமை உண்டு. எனினும், உடலைக் கண்டவுடன் கூலியையும் நிலத்தையும் வினவும் முறை அவர்களிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

3. குன்னூர் ஆய்வுக்கூடம்: உணவின் சான்றாக உடல்

1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சியே. மெக்காரிசன் இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவற்றின் எடையை ஒப்பிட்டார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடை மிகுந்தும், அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவை உண்டவை எடை குறைந்தும் காணப்பட்டன. இச்சோதனையில் எடை ஓர் உணவுமுறையின் மதிப்பெண்ணாக மாறியது.

1935-இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டின் காலத்தில் எடையோடு தோலும் சேர்த்து நோக்கப்பட்டது. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், ஊட்டக்குறைவால் தோல் சொரசொரப்பாகி மயிர்க்கால்கள் முள்போலத் தடிக்கும் நிலைக்கு 1933-இல் ஃபிரினோடெர்மா என்னும் பெயரை வழங்கியிருந்தார். தேரைத்தோல் என்பது அதன் நேர்ப்பொருள். 1936-இல் அய்க்ராய்டும் இராஜகோபாலும் தென்னிந்தியப் பள்ளிச் சிறாரின் ஊட்டநிலை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சிறாரின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. கண், வாய், தோல் ஆகியவற்றில் தென்படும் குறைபாட்டு அடையாளங்கள் நோக்கப்பட்டன. எடைக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு முறையான அறிவியல் வினாவாகத் தமிழ் நிலத்தில் உருப்பெற்றது இக்காலத்தில்தான் எனலாம்.

தேரைத்தோலுக்கு வைட்டமின் ஏ குறைவே காரணம் என முதலில் கருதப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களின் குறைவையும் பி வகை வைட்டமின்களின் குறைவையும் சுட்டின. அதாவது, அன்றைய தோல் நோய்க்குக் காரணங்களுள் ஒன்று உணவில் கொழுப்பின் பற்றாக்குறை. இன்றைய ஆய்வுகள் வினவுவதோ உடற்கொழுப்பின் மிகுதி தோலழற்சியைத் தூண்டுமா என்பதை. தேரைத்தோலும் கரப்பானும் வெவ்வேறு நோய்கள் ஆதலின் இவ்விரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் கொள்ளல் ஆகாது. ஆனால், எடைக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அறிவியல் கற்பனை ஒரு நூற்றாண்டுக்குள் குறைவிலிருந்து மிகுதிக்குத் திரும்பியுள்ளது என்பது உறுதி.

குன்னூர் ஆய்வுகளின் பங்களிப்பு பெரிது. 1937-இல் அய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு பற்றிய கையேடு பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது. எனினும், ஆய்வின் அலகு மாறிவிட்டதைக் காண வேண்டும். கார்னிஷ் கூலியை வினவினார். குன்னூர் ஆய்வாளர் உணவை வினவினர். உணவை வாங்கும் ஆற்றல் பின்னணிக்குச் சென்றது.

4. வழித்தடத்தின் தோற்றமும் எடையின் திருப்பமும்

1971-இல் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனம் 1990களில் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் தொழிற்பூங்காக்களை விரிவாக்கியது. 1996-இல் இந்தியாவில் நிறுவப்பட்ட ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் முதல் மகிழுந்து வகை சந்தைக்கு வந்தது. நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. டெய்ம்லர், ராயல் என்பீல்டு ஆகியவை தொடர்ந்தன. பின்னர் ஃபாக்ஸ்கான் ஆலை ஆப்பிள் கைப்பேசிகளின் முதன்மை உற்பத்திக் களமாக வளர்ந்தது. கைப்பேசி ஆலைகளின் உற்பத்தி வரிசையில் நின்றோருள் பெரும்பான்மையர் பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்த இளம்பெண்கள்.

இதே காலத்தில் தமிழகத்தின் உடல் எடை பற்றிய படமும் மாறியது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005–06-இல் 15 முதல் 49 வயது வரையிலான தமிழகப் பெண்களுள் 28.4 விழுக்காட்டினர் எடை குறைந்தோர், 20.9 விழுக்காட்டினர் எடை மிகுந்தோர். 2019–21-இல் எடை குறைந்தோர் 12.6 விழுக்காடாகக் குறைந்தனர். எடை மிகுந்தோர் 40.4 விழுக்காடாக உயர்ந்தனர். ஆண்களிடையே எடை மிகுந்தோர் 14.5 விழுக்காட்டிலிருந்து 37.0 விழுக்காடாயினர். நோக்கியா ஆலை தொடங்கிய காலத்தில் மெலிவு முதன்மைச் சிக்கலாக இருந்த மாநிலம், அவ்வாலை மூடப்பட்டு ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பருமனை முதன்மைச் சிக்கலாகக் கொண்ட மாநிலமாயிற்று.

இத்திருப்பம் ஒரு தலைமுறையின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தது. இன்று 20 முதல் 25 வயதில் ஆலைக்குள் நுழையும் ஒருவர் சத்துணவுத் திட்டத்தில் உண்டு வளர்ந்தவர். அவருடைய தாய் எடை குறைந்தோர் மிகுந்திருந்த காலத்தில் அவரைப் பெற்றெடுத்தவர். 2007 முதல் சிறப்புப் பொது வழங்கலில் பருப்பும் பாமாயிலும், 2011 முதல் விலையில்லா அரிசியும் அவர் வீட்டுக்கு வந்தன. பசியைப் பெருமளவு நீக்கிய இத்திட்டங்களின் நன்மை ஐயத்துக்கு இடமற்றது. மெலிந்த தொடக்கமும் மாவுச்சத்து மிகுந்த வளர்ச்சியும் ஒரே உடலில் சந்திப்பதையே இங்குச் சுட்ட விரும்புகிறோம். தோற்றத்தில் மெலிந்தும் உட்கொழுப்பில் மிகுந்தும் இருக்கும் இந்திய உடலமைப்பைப் புணே மருத்துவர் யாக்னிக் நெடுங்காலம் ஆராய்ந்து, 2004-இல் தம் உடலையும் ஓர் ஆங்கிலேய மருத்துவரின் உடலையும் ஒப்பிட்டு விளக்கினார். இருவரின் குறியீட்டெண்ணும் ஒன்றாக இருப்பினும் உடற்கொழுப்பின் அளவில் பெரும் வேறுபாடு இருந்தது.

5. குறியீட்டெண்ணும் அதன் எல்லையும்

எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பெல்ஜிய அறிஞர் கெட்லேயிடமிருந்து வந்தது. 1972-இல் அன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் பல நாடுகளைச் சேர்ந்த ஆண்களின் அளவுகளைக் கொண்டு அதனைச் சோதித்து, உடல் நிறைக் குறியீட்டெண் எனப் பெயரிட்டனர். மக்கள்தொகையை ஆராய்வதற்குரிய கருவியாகவே அது முன்வைக்கப்பட்டது. ஆசியரின் உடற்கொழுப்பு விகிதத்தைக் கருத்திற்கொண்டு 2004-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எல்லைகளாகப் பரிந்துரைத்தது. 2009-இல் இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை 23-ஐ எடைமிகுதிக்கும் 25-ஐப் பருமனுக்கும் தொடக்கமாகக் கொண்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வு 25-ஐ எடைமிகுதியின் தொடக்கமாகக் கொள்கிறது. எனவே, 150 செ.மீ. உயரமும் 54 கிலோ எடையும் உடைய ஒரு தொழிலாளியின் குறியீட்டெண் 24. அரசு ஆய்வில் அவர் இயல்பானவர், மருத்துவமனையில் எடை மிகுந்தவர். எடைக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை அளக்க முயலும் எந்த ஆய்வும் முதலில் இவ்வெல்லைக் கோட்டைத் தெளிவுபடுத்த வேண்டியதாகிறது.

தொடர்பு பற்றி மருத்துவ ஆய்வுகள் கூறுவது யாது? 2015-இல் சாங், சில்வர்பெர்க் ஆகியோர் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, எடைமிகுதிக்கும் அடோபிக் தோலழற்சிக்கும் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் தொடர்பு உள்ளது. ஐரோப்பாவில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என முடிவுகண்டனர். உடலியல் ஒன்றே முழுக் காரணமாயின் கண்டத்துக்குக் கண்டம் முடிவு வேறுபடுவதற்கு விளக்கம் தேவைப்படும். 2022-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, பருமனான எலிகளில் தோலழற்சியின் நோயெதிர்ப்புத் தன்மையே மாறுவதைக் காட்டியது. மெலிந்த எலிகளுக்குப் பயன்பட்ட மருந்து பருமனான எலிகளில் நோயை மிகுவித்தது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் உறுப்பு என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

எதிர்த்திசையிலும் காரணங்கள் உள்ளன. கரப்பானின் அரிப்பு இரவு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கக் குறைவு எடையைக் கூட்டுகிறது. வியர்வை அரிப்பை மிகுவிப்பதால் நோயுற்றோர் உடற்பயிற்சியைத் தவிர்க்கின்றனர். உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகளும் எடையைக் கூட்டுவன. ஆகவே, எடையிலிருந்து தோலுக்குச் செல்லும் ஒருவழிப் பாதையாக இத்தொடர்பைக் கொள்ளுதல் பொருந்தாது. இருவழிப் பாதை என்பதோடும் அது நிற்பதில்லை; உறக்கம், வெப்பம், உணவு, பணி ஆகிய மூன்றாம் காரணிகள் இரண்டையும் ஒருசேர மாற்றவல்லவை. ஆலை வாழ்க்கையில் மிகுதியும் செயற்படுவன இம்மூன்றாம் காரணிகளே.

6. பணித்தளமும் விடுதியும்

தொழிலுக்கும் தோலுக்கும் உள்ள உறவை 1700-இல் இத்தாலிய மருத்துவர் ரமத்சினி தம் தொழில்நோய் நூலில் பதிவு செய்தார். இன்றைய மின்னணுத் தொழிலில் ஈயப்பற்று வைக்கப் பயன்படும் குங்கிலியப் பிசின், துடைக்கப் பயன்படும் ஆல்ககால் கரைப்பான், இயந்திரப் பணியில் கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நெய்மம், வாகனத் தொழிலில் எப்பாக்சி, வண்ணப்பூச்சு, நிக்கல், குரோமியம் ஆகியவை தோலழற்சியைத் தூண்டுவனவாக மருத்துவ நூல்கள் குறிப்பன. இவற்றோடு, நாள் முழுதும் அணியும் கையுறைக்குள் தேங்கும் வியர்வையும் அடிக்கடி கை கழுவுதலும் தோலின் காப்புப் படலத்தைச் சிதைக்கின்றன. சிறுவயதில் கரப்பான் கண்டு ஆறியவர்க்கு இத்தகைய பணியில் கைக்கரப்பான் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

சுழற்பணியும் இங்குக் கருதத்தக்கது. இரவுப் பணி உறக்கத்தையும் உணவு நேரத்தையும் மாற்றுகிறது. உறக்கக் குறைவு எடைக்கும் அரிப்புக்கும் ஒருசேர இடம் தருகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேரப் பணிக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பின் விளைவாகத் திரும்பப் பெறப்பட்டது. அவ்விவாதம் பெரும்பாலும் உரிமை, ஓய்வு ஆகிய சொற்களில் நடைபெற்றது. பணி நேரம் உடலுக்குள் எடையாகவும் தோலாகவும் படிகிறது என்னும் கருத்து அதில் இடம்பெற்றிருப்பின் வாதம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

விடுதியே மூன்றாவது களம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியொன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர் நெடுஞ்சாலையை மறித்துப் போராடினர். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப அமையவில்லை என ஆப்பிள் நிறுவனம் அறிவித்து, அவ்வாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. இந்நிகழ்வு கரப்பானைப் பற்றியதன்று. ஆனால், தொழிலாளரின் தட்டு யார் பொறுப்பில் உள்ளது என்னும் வினாவை அது பொதுவெளிக்குக் கொணர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது அவ்வினாவுக்கான விடைகளுள் ஒன்று.

இவ்விடத்தில் பத்தியத்தின் முன்னிபந்தனையை நினைவுகூரலாம். விடுதியில் வாழும் தொழிலாளிக்குத் தம் அடுப்பு இல்லை. உணவு வகை ஒப்பந்ததாரராலும், உண்ணும் நேரம் பணிச்சுழற்சியாலும், குளிக்கும் நீரும் துணி உலர்த்தும் இடமும் விடுதி நிர்வாகத்தாலும் முடிவுசெய்யப்படுகின்றன. எடையைக் குறையுங்கள், ஒவ்வாத உணவைத் தவிருங்கள், பருத்தி ஆடை அணியுங்கள் என்னும் மூன்று வழக்கமான அறிவுரைகளுள் ஒன்றுகூட முழுமையாக அவர் கையில் இல்லை.

7. இரு பதிவேடுகள், ஓர் உடல்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலைத் தன் மூன்றாம் அட்டவணையில் வைத்தது. வேதிப்பொருள்களோடும் வண்ணப்பூச்சுகளோடும் நேரடித் தொடுதலால் தோன்றும் தோலழற்சி அதில் இடம்பெற்றது. அத்தகைய நோயைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு அறிவித்தல் வேண்டும் என 89ஆம் பிரிவு கூறியது. இவ்வரையறையில் வேதிப்பொருள் உண்டு. வியர்வை, வெப்பம், கையுறை, உறக்கமின்மை ஆகியவை இல்லை. உணவுக்கூடத்தைப் பற்றிக் கூறிய 46ஆம் பிரிவோ 250-க்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைக்கு உணவுக்கூடத்தைக் கட்டாயமாக்க இடமளித்தது. தனியார் பெண்கள் விடுதியோ தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வந்தது. தோல் ஒரு சட்டப் பிரிவிலும், மதிய உணவு மற்றொரு பிரிவிலும், இரவு உணவு வேறொரு சட்டத்திலும் அமைந்தன.

இப்பிரிவினையின் விளைவு பணமதிப்புடையது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கித் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்ப் பொதுவான நோய்க்கு ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு அதிக அளவாக 91 நாள்கள் வழங்கப்படுகிறது. நோய் தொழில்சார்ந்தது என ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு, இயலாமை நீடிக்கும் வரை வழங்கப்படுகிறது. தோல் நோய்களை உள்ளடக்கிய வகைக்கு அப்பணியில் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து இருந்திருத்தல் வேண்டும். குறுகிய ஒப்பந்தங்களில் ஆலைக்கு ஆலை மாறும் இளையோருக்கு இந்நிபந்தனையே ஒரு தடை.

இத்தகைய சூழலில், எடைக்கும் கரப்பானுக்கும் தொடர்பு உண்டு என்னும் அறிவியல் முடிவு ஆலைக்குள் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பது வெறும் கல்விசார் வினாவாக நின்றுவிடாது. தொழிலாளியின் குறியீட்டெண் 26 என்றால், கையில் தோன்றிய கரப்பானுக்கு அவர் உடலே காரணம் எனக் கூறிவிடுவது எளிது. அப்போது 90 விழுக்காடு 70 ஆகிறது; நாள்களுக்கு வரம்பு வருகிறது; கையுறையையும் கரைப்பானையும் மாற்ற வேண்டிய தேவை மறைகிறது. மேலும், பணிச்சேர்ப்பின்போதே எடை மிகுந்தோரையும் கரப்பான் கண்டோரையும் விலக்குவதற்கு அது சாக்காகவும் அமையலாம். பணித்தளத்தைத் திருத்துவதற்கு மாறாக உடலைத் தெரிவுசெய்யும் முறை அது.

இதற்கு மறுதலையாக, அத்தொடர்பை முற்றாக மறுப்பதும் தொழிலாளருக்கு நன்மை பயக்காது. பருமன் உடையவரின் தோலழற்சி வேறு இயல்பினதாக இருக்கக்கூடும் எனின், அதற்கேற்ற மருத்துவம் பெறுவதும் அவர் உரிமை. எனவே, தேவைப்படுவது மறுப்பன்று. இரு பதிவுகளையும் சேர்த்துப் படிக்கும் முறை. பணியில் சேரும் நாளில் எடுக்கும் எடையும், 6 மாதத்துக்குப் பின் எடுக்கும் எடையும், பணிப்பிரிவும், சுழற்பணியும், தோலின் நிலையும் ஒரே ஏட்டில் பதிவாகும்போதுதான் எது முன், எது பின் என்பது புலப்படும். அவ்வேடு நிர்வாகத்தின் பணிச்சேர்ப்புப் பிரிவுக்கு எட்டாத வகையில் மருத்துவரின் காப்பில் இருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, எடையையும் தோலையும் இணைக்கும் பார்வை தமிழ் மரபிலும் காலனிய ஆவணங்களிலும் 20ஆம் நூற்றாண்டு அறிவியலிலும் தொடர்ந்து இருந்துள்ளது. மாறியது தொடர்பின் திசை மட்டுமே. இரண்டாவதாக, காரணம் தேடப்பட்ட இடம் கூலியிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து தனியாளின் குறியீட்டெண்ணுக்கும் படிப்படியாகச் சுருங்கியது. மூன்றாவதாக, திருப்பெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்தில் எடை, தோல் இரண்டையும் பாதிக்கும் உறக்கம், வெப்பம், உணவு, நீர் ஆகியவை தொழிலாளரின் தெரிவுக்கு அப்பாற்பட்டவையாக உள்ளன. எனவே, குறியீட்டெண்ணைக் காரணமாகக் கொள்ளும் விளக்கம் இங்குப் பாதி விளக்கமே. நான்காவதாக, அப்பாதி விளக்கம் ஈட்டுறுதி உரிமையைக் குறைக்கவும் பணிச்சேர்ப்பில் விலக்கவும் பயன்படக்கூடும்.

செங்கற்பட்டு மாவட்டத்தின் நோயுற்ற உடல்களைக் கண்ட 1891ஆம் ஆண்டுக் குறிப்பு நிலம் யாருடையது என வினவியது. அதே மண்ணில் இன்று நிற்கும் ஆலைகளின் இளந்தொழிலாளர் உடலைக் காணும் ஆய்வாளர், எடை எவ்வளவு என்பதோடு, பணி எத்தனை மணி நேரம், உறக்கம் எத்தனை மணி நேரம், சமைப்பவர் யார் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கான விடைகள் இல்லாத எடை அட்டவணை கரப்பானை விளக்காது.